கார்லோ கானின் யானை ஊர்வலம்: 1783ஆம் ஆண்டு இந்திய மசோதாவும் ஒரு செப்புத்தகட்டுப் படமும்

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1783 டிசம்பர் 5ஆம் தேதியிட்டு லண்டனில் ஒற்றைத்தாள் கேலிச்சித்திரம் ஒன்று வெளிவந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் பிரிட்டிஷ் அமைச்சரவை வீழ்ந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, அந்தப் படம்தான் அமைச்சரவையைக் கவிழ்த்தது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். படத்தில் தாக்கப்பட்ட சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸே ஏறத்தாழ அப்படித்தான் சொன்னார் என்று ஒரு பதிவும் உண்டு. அந்தக் கூற்று எந்த அளவுக்கு நிற்கும் என்பதை நாள்வரிசைப்படி வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். அமைச்சர்களும் ஓவியரும் வரலாற்றில் பெயருடன் நிற்பவர்கள் என்பதால் இங்கும் பெயருடனேயே வருகிறார்கள். தாளை அச்சிட்டவர்கள், வாங்கியவர்கள், வாங்கக் காசில்லாமல் கடைச் சன்னலில் முகத்தை ஒட்டி நின்று பார்த்தவர்கள் ஆகியோர் இந்த நிகழ்வில் சம பங்கு உடையவர்கள். அவர்கள் பெயரில்லாமலேயே வருகிறார்கள்.

பின்னணி: பொருந்தாத கூட்டணியும் கடனில் தத்தளித்த கம்பெனியும்

அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த போரை நடத்திய பிரதமர் நார்த் பிரபு 1782 மார்ச்சில் பதவி விலகினார். அந்தப் போர் நடந்த ஆண்டுகள் முழுவதும் மக்கள் சபையில் அவரை மிகக் கடுமையாகத் தாக்கியவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ். அரசரின் அதிகாரம் பெருகிவிட்டது, அதைக் குறைக்க வேண்டும் என்பது ஃபாக்ஸின் வாதம். ‘மக்களின் மனிதர்’ என்பது ஆதரவாளர்கள் அவருக்குச் சூட்டிய பட்டம். இந்த இருவரும் 1783 பிப்ரவரியில் கைகோத்து, ஷெல்பர்ன் பிரபுவின் அரசைச் சமாதான உடன்படிக்கையின் பெயரால் வீழ்த்தினார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி போர்ட்லண்ட் கோமகனைப் பெயரளவுக்குத் தலைவராக வைத்துக்கொண்டு ஆட்சியில் அமர்ந்தார்கள். நேற்றுவரை பகைவர்களாக இருந்தவர்கள் இன்று பங்காளிகள் ஆனதை அரசியல் பழகிய லண்டன்கூட எளிதில் ஜீரணிக்கவில்லை. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வெறுப்பை மறைக்கவே இல்லை. புதிய அமைச்சர்கள் பரிந்துரைத்த எவருக்கும் பிரபுப் பட்டம் தருவதில்லை என்று உறுதியாக நின்றார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலை அப்போது மிக மோசம். தமிழ்நாட்டார் ‘கும்பினி’ என்று அழைத்த அந்த வணிக நிறுவனம் வங்காளத்தில் வரி வசூலித்தது, சென்னையில் படை வைத்திருந்தது, ஆர்க்காட்டு நவாபின் கடன் விவகாரங்களில் அதன் ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் கொழுத்தார்கள். 1780இல் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, ஆர்க்காட்டு நவாபின் நாடு) புகுந்த பிறகு செலவு எல்லை மீறியது. கம்பெனி, அரசுக்குக் கட்ட வேண்டிய சுங்கத்துக்குத் தவணை கேட்கும் நிலைக்கு வந்தது. அதன் இந்திய நிர்வாகத்தை மக்கள் சபையின் இரண்டு குழுக்கள் 1781 முதல் ஆராய்ந்து அறிக்கை மேல் அறிக்கையாகக் குவித்தன. ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் கட்சி வேறுபாடு இல்லை. யார் கையில் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

1783 நவம்பர் 18ஆம் தேதி ஃபாக்ஸ் தம் இந்திய மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் பின்னணி உழைப்பு பெருமளவும் ஃபாக்ஸின் கூட்டாளியான எட்மண்ட் பர்க்குடையது. கம்பெனியின் இயக்குநர் மன்றத்தை நீக்கிவிட்டு, நாடாளுமன்றம் பெயர் குறிப்பிட்டு நியமிக்கும் ஏழு ஆணையர்களிடம் ஆட்சியை ஒப்படைப்பது என்பது அதன் மையம். ஆணையர்களின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. இந்தியாவில் கம்பெனி ஊழியர்களை நியமிப்பதும் நீக்குவதும் அவர்கள் கையில் இருக்கும். மன்னர் தம் விருப்பப்படி அவர்களை நீக்க முடியாது. இந்தியாவில் நடந்த கொள்ளைக்கு இது ஒரு மருந்து என்பது பர்க்கின் நம்பிக்கை. அது போலி நம்பிக்கை அல்ல என்றே நானும் கருதுகிறேன். ஆனால் லண்டனில் இருந்து பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது: எண்ணற்ற உத்தியோகங்களை வழங்கும் உரிமை ஒரே கட்சியின் மடியில் போய் விழுகிறது, அந்தக் கட்சி தேர்தலில் தோற்றாலும் நான்கு ஆண்டுக்கு அதைத் திரும்பப் பிடுங்க முடியாது.

படம் எப்படி உருவாகிச் சந்தைக்கு வந்தது

இந்த வேகத்தைப் புரிந்துகொள்ள அன்றைய தொழிலைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். மெருகேற்றிய செப்புத்தகட்டைச் சூடாக்கி, மெழுகும் பிசினும் கலந்த பூச்சை அதன் மேல் மெல்லியதாகப் பரப்பி, மெழுகுத்திரியின் புகையில் காட்டிக் கறுக்க வைப்பார்கள். ஓவியர் ஊசியால் வரைய வரையப் பூச்சு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டின் மேல் அமிலத்தை ஊற்றினால் ஊசி சென்ற இடங்களை மட்டும் அது அரிக்கும். பிறகு பூச்சை நீக்கி, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்து, ஈரப்படுத்திய தாளை மேலே வைத்து உருளைகளுக்கு இடையே இழுப்பார்கள். அச்சில் இடம் வலமாகும். ஆகவே படத்தில் வரும் எழுத்தெல்லாம் தகட்டில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதப்பட்டிருக்கும். தகட்டை உளியால் செதுக்கும் பழைய முறைக்கு வாரங்கள் பிடிக்கும். அமிலமுறைக்குச் சில நாள் போதும். செவ்வாய்க்கிழமை நாடாளுமன்றத்தில் ஒருவர் பேசியது அந்த வார இறுதிக்குள் சன்னலில் தொங்குவதற்கு இந்த வேதியியல்தான் காரணம்.

1735ஆம் ஆண்டுச் சட்டம், ஓவியர் ஹோகார்த் முதலியோர் முயன்று பெற்றது, தகட்டுக்குப் பதிப்புரிமை வழங்கியது. அந்தப் பாதுகாப்பைப் பெற, வெளியிட்ட தேதியையும் உரிமையாளர் பெயரையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டும். வணிகப் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட அந்தச் சிறு வரிதான் இன்று நமக்கு நாள் சொல்கிறது. இந்த ஆய்வே அந்த வரியின் மேல் நிற்கிறது என்று சொல்லலாம்.

விலை, வண்ணம் தீட்டாத தாளுக்கு ஆறு பென்ஸ் அளவிலும் கையால் வண்ணம் தீட்டியதற்கு ஒரு ஷில்லிங் அளவிலும் இருந்தது. கூலி வேலை செய்பவர் விளையாட்டாகச் செலவழிக்கும் தொகை அல்ல. வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுத்தட்டு வணிகர்கள், வழக்கறிஞர்கள், மன்றங்களில் பொழுது போக்கிய கனவான்கள், சில சமயம் படத்தில் கேலிக்குள்ளானவர்களே. ஆனால் பார்ப்பதற்குக் காசு வேண்டாம். கடைக்காரர்கள் புதிய தாள்களைச் சன்னல் கண்ணாடியின் ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்றாக ஒட்டினார்கள். நடைபாதையில் கூட்டம் சேரும், அந்தக் கூட்டத்தில் சீமாட்டியும் எடுபிடிச் சிறுவனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். எழுத்தறியாதவருக்குப் பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்வார். இந்த விநியோகத்துக்குக் கணக்கேடு இல்லை. விற்ற தாள்களின் எண்ணிக்கையை வைத்து இத்தகைய படத்தின் வீச்சை அளப்பவர்கள் இதனால்தான் தடுமாறுகிறார்கள்.

நவம்பர் 25 முதல் டிசம்பர் 5 வரை: இரண்டு படங்கள்

ஜேம்ஸ் சேயர்ஸ், கிரேட் யார்மத் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர், வழக்கறிஞர் தொழிலைக் கற்றவர், ஓவியப் பயிற்சி பெற்றவர் அல்லர். அவருடைய கோடுகளில் அது தெரியும்: உடல்கள் விறைத்து நிற்கும், நிழல்கள் வலைபோலச் சிக்கும். ஆனால் முகச் சாயலைப் பிடிப்பதில் அவருக்கு நிகர் அன்று குறைவு. அரசியலில் அவர், எதிரணியில் இருந்த இளைய வில்லியம் பிட்டின் பக்கம்.

மசோதா வந்து ஒரு வாரம் கழித்து, நவம்பர் 25ஆம் தேதியிட்டு அவருடைய முதல் படம் வந்தது. ஃபாக்ஸ், கம்பெனியின் தலைமை மாளிகையையே பெயர்த்துத் தோளில் சுமந்துகொண்டு அரண்மனை வாயிலை நோக்கி நடக்கிறார். ‘கிழக்கிந்தியப் பங்கு மாற்றம்’ என்று பங்குச் சந்தைக்காரரின் சொல்லையே தலைப்பாக இட்டிருந்தார். பங்குதாரர்களுக்கு இது உடனே உறைத்தது. அரசு ஒரு நிறுவனத்தின் சாசன உரிமையைப் பிடுங்கலாம் என்றால் நாளை எந்த நகராட்சியின், எந்த வங்கியின் சாசனம் மிஞ்சும் என்று கம்பெனியும் லண்டன் மாநகரும் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. படம் அந்த வாதத்தைச் சொல்லில்லாமல் சொன்னது.

டிசம்பர் தொடக்கத்தில் மசோதா குழு நிலைக்கு வந்தபோது, அதுவரை வெற்றிடமாக விடப்பட்டிருந்த ஆணையர் பெயர்கள் நிரப்பப்பட்டன. தலைவர் ஃபிட்ஸ்வில்லியம் பிரபு, ஃபாக்ஸின் நெருங்கிய சகா. மற்ற ஆறு பேரும் ஃபாக்ஸ் அல்லது நார்த் பக்கத்தவர்கள். அவர்களில் ஒருவர் நார்த்தின் சொந்த மூத்த மகன். எதிரணியில் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. இந்த நிகழ்வின் மிகப் பெரிய தவறான முடிவு இதுதான் என்பது என் மதிப்பீடு. ஃபாக்ஸின் தரப்புக்கு இதற்கு நியாயம் இருந்தது: கம்பெனி ஊழியர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கைகளை விலைக்கு வாங்கி உட்கார்ந்திருந்தார்கள், மன்னர் பகையோடு இருந்தார், நம்பிக்கையானவர்களைத் தவிர வேறு எவரை நியமித்தாலும் சீர்திருத்தம் உள்ளிருந்தே அறுக்கப்படும் என்று அஞ்சினார்கள். அச்சம் பொய்யல்ல. ஆனால் அந்த ஏழு பெயர்களும் வெளியான பின், இது இந்தியாவுக்கான சட்டமா, கட்சிக்கான சொத்தா என்ற கேள்விக்கு எதிராளிகள் தனியாக விடை தேட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சூட்டில், டிசம்பர் 5ஆம் தேதி, புரூட்டன் வீதியில் கடை வைத்திருந்த தாமஸ் கார்னெல், சேயர்ஸின் அடுத்த படத்தை வெளியிட்டார். ‘லெடன்ஹால் வீதிக்குள் கார்லோ கானின் வெற்றி ஊர்வலம்.’ கம்பெனியின் தலைமை மாளிகை இருந்த வீதி அது.

படத்தில் இருப்பவை

ஃபாக்ஸ் கீழைநாட்டு அரசரின் நீண்ட அங்கியும் தலைப்பாகையும் அணிந்து யானை மேல் அமர்ந்திருக்கிறார். கறுத்து அடர்ந்த புருவமும் சவரம் காணாத தாடையும் தலைப்பாகைக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. உடை மாறினாலும் ஆள் மாறவில்லை என்பது பார்த்த கணமே புரியும். யானையின் முகம் நார்த்தின் முகம். பருத்த உடலும் தூங்கி வழியும் கண்களும் கொண்ட முன்னாள் பிரதமர், தம்மைத் தாக்கியவரையே முதுகில் சுமக்கும் வாகனமாகிவிட்டார். கூட்டணியில் யார் யாரை ஓட்டுகிறார் என்று பத்து மாதமாக மன்றங்களில் நடந்த தர்க்கத்துக்கு இது ஒரே வரியில் தீர்ப்பு. முன்னால் பர்க், யானையை நடத்திச் செல்லும் பாகனாகவும் எக்காளம் ஊதுபவராகவும் நடக்கிறார். ஊர்வலம் சென்று சேரும் இடம் கம்பெனியின் தலைமை மாளிகை.

கொடியில்தான் விஷம் இருக்கிறது. ‘மக்களின் மனிதர்’ என்று முதலில் எழுதியிருந்த சொற்கள் அடிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் கிரேக்க எழுத்தில் ‘அரசர்க்கரசர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. பழைய சொற்களை முற்றாக நீக்காமல், அடித்த கோட்டுக்கு அடியில் படிக்கும்படி விட்டதுதான் ஓவியரின் சாமர்த்தியம். கிரேக்கம் தெரியாதவருக்கும் அடித்தது தெரியும். தெரிந்தவருக்கு, மன்னரைக் கட்டுப்படுத்த வந்தவர் மன்னருக்கும் மேலான மன்னராகிறார் என்ற முழுக் குற்றச்சாட்டும் கிடைக்கும்.

பெயரும் சும்மா வந்ததல்ல. 1739இல் டெல்லியைச் சூறையாடிய நாதிர் ஷாவை அன்றைய ஆங்கிலேயர் ‘குலி கான்’ என்றே அறிந்திருந்தார்கள். சார்லஸ் ‘கார்லோ’ ஆனதும் ‘கான்’ ஒட்டிக்கொண்டதும் அந்த ஓசையை நினைவூட்டத்தான் என்று கொள்வதில் தவறில்லை. தமிழில் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்: யானை, எக்காளம், கொடி, ஊர்வலம் என்று ஓர் உலாவுக்கு வேண்டிய எல்லாச் சிறப்பும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தலைவனைக் கீழே இறக்குகிறது.

படத்தில் இல்லாததையும் பதிவு செய்ய வேண்டும். டிசம்பர் 1ஆம் தேதி, அதாவது படம் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பு, பர்க் மக்கள் சபையில் நெடிய உரை ஆற்றினார். வங்காளத்திலும் அவத்திலும் கர்நாடகத்திலும் கம்பெனி ஆட்சி மக்களுக்கு என்ன செய்தது என்பதே அதன் பொருள். அந்த மக்களில் ஒருவரும் படத்துக்குள் வரவில்லை. இந்தியா இங்கே உடையாகவும் விலங்காகவும் மட்டுமே இருக்கிறது. ஒரு நாட்டைக் கொள்ளையிலிருந்து காப்பது எப்படி என்ற கேள்வி, லண்டனில் யானை மேல் யார் ஏறுவது என்ற கேள்வியாகச் சுருங்கிவிட்டது. பர்க்கின் எக்காளத்திலிருந்து ஒலிதான் வருகிறது, பொருள் வருவதில்லை.

டிசம்பர் 8 முதல் 19 வரை: வாக்குகளும் ஒரு சீட்டும்

படம் மசோதாவைத் தோற்கடித்தது என்ற கூற்றைச் சோதிக்க எளிய வழி, வாக்கு எண்ணிக்கையைப் பார்ப்பது. நவம்பர் 27ஆம் தேதி, இரண்டாம் வாசிப்பில், மசோதாவுக்கு ஆதரவாக 229, எதிராக 120. படம் வெளிவந்து மூன்று நாள் கழித்து, டிசம்பர் 8ஆம் தேதி, மூன்றாம் வாசிப்பில் ஆதரவு 208, எதிர்ப்பு 102. பெரும்பான்மை 109ஆக இருந்தது 106 ஆயிற்று. உறுப்பினர்கள் படத்தைப் பார்த்து மனம் மாறியதற்கு இதில் அறிகுறி இல்லை.

மசோதா பிரபுக்கள் சபைக்குப் போனது. டிசம்பர் 11ஆம் தேதி மன்னரைச் சந்தித்த டெம்பிள் பிரபுவிடம் ஒரு சீட்டு கொடுக்கப்பட்டது. இந்திய மசோதாவுக்கு வாக்களிப்பவர் மன்னரின் நண்பர் அல்லர் என்பது மட்டுமல்ல, அவரைத் தம் பகைவராகவே மன்னர் கருதுவார் என்பது அதன் சாரம். அதைக் காட்ட வேண்டியவர்களிடம் டெம்பிள் காட்டினார். 15ஆம் தேதி ஒத்திவைப்புத் தீர்மானத்தில் அரசு 79க்கு 87 என்று தோற்றது. 17ஆம் தேதி 76க்கு 95 என்ற கணக்கில் மசோதாவே நிராகரிக்கப்பட்டது. 18ஆம் தேதி நள்ளிரவில் ஃபாக்ஸுக்கும் நார்த்துக்கும் தங்கள் பதவி முத்திரைகளைத் திருப்பி அனுப்பும்படி ஆணை வந்தது. நேரில் வர வேண்டாம், துணைச் செயலர்கள் மூலம் அனுப்பினால் போதும், நேரில் காண்பது மன்னருக்கு உவப்பாக இராது என்று அதில் கண்டிருந்தது. மறுநாள் 24 வயது பிட் பிரதமரானார். கிறிஸ்துமஸ் பலகாரம் தீரும்வரைதான் இந்த அமைச்சரவை என்று கேலி பேசினார்கள்.

ஆக, மசோதாவைக் கொன்றது அச்சடித்த தாள் அல்ல, கையால் எழுதிய சீட்டு.

படம் உண்மையில் வேலை செய்த மாதங்கள்

அப்படியானால் படத்துக்கு ஒரு பங்கும் இல்லையா? பங்கு உண்டு, அது பிந்தைய மாதங்களில் வருகிறது. மக்கள் சபையில் பெரும்பான்மை உள்ள அமைச்சரவையை மன்னர் பின்வாசல் வழியாக வெளியேற்றினார். பிரிட்டிஷ் அரசியல் வழக்கப்படி இது கூச்சலைக் கிளப்பியிருக்க வேண்டிய செயல். ஃபாக்ஸும் அப்படித்தான் கணக்குப் போட்டார்: மக்கள் சபை உறுதியாக நின்றால் பிட் சில வாரத்தில் விழுவார், மன்னர் மறுபடியும் அழைத்தாக வேண்டும். ஆகவே ஜனவரி முழுவதும் அவர் தம் வலிமையைச் சபைக்குள்ளேயே செலவிட்டார். சபைக்கு வெளியே இருந்த நாட்டை அவர் பொருட்படுத்தவில்லை.

நாடு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. மன்னரின் செயலை ஆதரித்து இருநூறுக்கும் மேற்பட்ட முறையீடுகள் ஊர்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் வந்தன. அவற்றில் கையெழுத்திட்ட சிறு வணிகர் எவரும் மசோதாவின் பிரிவுகளைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ‘அரசர்க்கரசர்’ என்ற எண்ணம் அவர்களை எட்டியிருந்தது. கொடுங்கோன்மை அரண்மனையிலிருந்து வருவதாகச் சொல்லியே வளர்ந்தவர் ஃபாக்ஸ். படமோ கொடுங்கோலனின் தலைப்பாகையை அவருக்கே கட்டிவிட்டது. அதன் பிறகு மன்னரின் தலையீடு அத்துமீறலாகத் தோன்றாமல் மீட்பாகத் தோன்றியது. ஜனவரியில் சேயர்ஸ் மற்றொரு படத்தில் ஃபாக்ஸைக் கண்ணாடி முன் நிறுத்தினார். கண்ணாடிக்குள் தெரிந்தது, முந்தைய நூற்றாண்டில் மன்னராட்சியை வீழ்த்தித் தாமே ஆட்சியைப் பிடித்த கிராம்வெல்.

ஃபாக்ஸின் பெரும்பான்மை வாரத்துக்கு வாரம் கரைந்தது. மார்ச் 8ஆம் தேதி 190க்கு 191, ஒரே ஒரு வாக்கு. மார்ச் 25ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

காலம் தாழ்ந்த மறுமொழி

ஃபாக்ஸின் தரப்பு படத்துக்குப் படத்தால் பதில் சொல்லாமல் இல்லை. காலம் கடந்து சொன்னது. தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த ‘மக்களின் வீரர்’ மார்ச் 11ஆம் தேதியிட்டது, யானைப் படத்துக்கு மூன்று மாதம் பின்பு. அதில் ஃபாக்ஸ், பல தலைப் பாம்பு ஒன்றோடு வாளும் கேடயமும் ஏந்திப் போரிடுகிறார். அவருக்குப் பின்னே இந்தியர்கள் நன்றியோடு மண்டியிடுகிறார்கள். ரோலண்ட்சனின் கை சேயர்ஸின் கையைவிடப் பல மடங்கு தேர்ந்தது. ஆனாலும் படம் எடுபடவில்லை. பாம்பின் ஒவ்வொரு தலைக்கும் பெயர் எழுதிப் படிக்கவைக்க வேண்டியிருந்தது. யானையைப் பார்த்தவருக்கோ படிக்கவே வேண்டியிருக்கவில்லை. தவிர, ரோலண்ட்சன் இரு தரப்புக்கும் வரைந்தவர். கடைக்காரர்களும் அப்படியே, ஒரே சன்னலில் இரண்டும் தொங்கும்.

தேர்தலில் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதி படச் சந்தைக்குத் திருவிழாவாக அமைந்தது. வரி கட்டும் இல்லத்தார் பெருந்திரளாக வாக்களிக்கும் தொகுதி அது. வாக்குப்பதிவு ஏப்ரல் 1 முதல் மே 17 வரை நீண்டது. ஃபாக்ஸுக்காக வீதியில் இறங்கி வாக்குக் கேட்ட டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானா, கசாப்புக்காரருக்கு முத்தம் கொடுத்து வாக்கு வாங்கினார் என்ற கதையை வைத்து நாளொரு படம் வந்தது. அவற்றில் பல அருவருப்பானவை, விவரிக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது முடிவைத்தான்: பிட் தரப்பின் ஹூட் 6,694, ஃபாக்ஸ் 6,234, பிட் தரப்பின் மற்றொரு வேட்பாளர் ரே 5,998. இரண்டு இருக்கை உள்ள தொகுதியில் ஃபாக்ஸ் வென்றார். படங்களும் எதிர்ப்படங்களும் மிகுதியாகக் குவிந்த ஒரே இடத்தில், அதுவும் பார்ப்பவர்கள் அவரை நேரில் அறிந்திருந்த இடத்தில், அவர் தப்பினார். நாட்டின் மற்றப் பகுதிகளில் அவருடைய ஆதரவாளர்கள் ஏறத்தாழ 160 பேர் இருக்கை இழந்தார்கள் என்பது அக்காலக் கணக்கு. ‘ஃபாக்ஸின் தியாகிகள்’ என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. கருவூலத்தின் பணமும் மன்னரின் செல்வாக்கும் கம்பெனிப் பணக்காரர்களின் ஆதரவும் அந்தத் தோல்வியில் கலந்திருந்ததால், படத்தின் பங்கை மட்டும் தனியே பிரித்து எடுத்து எடை போடுவது நேர்மையாக இராது.

சான்றின் எடை

நாடாளுமன்ற விவாதங்களோ பத்திரிகை எழுத்துகளோ செய்த கேட்டைவிடச் சேயர்ஸின் படங்களே தமக்கு அதிகக் கேடு செய்தன என்று ஃபாக்ஸ் சொன்னாராம். இந்தக் கூற்று நமக்கு வந்து சேர்ந்தது எல்டன் பிரபுவின் நினைவுக் குறிப்புகள் வழியாக. அவர் யார்? 1783 டிசம்பர் 8ஆம் தேதி அதே மசோதாவை எதிர்த்து, ஷேக்ஸ்பியரையும் விவிலியத்தின் வெளிப்பாட்டு நூலையும் மேற்கோள் காட்டிப் பேசிச் சபையில் சிரிப்புக்கு ஆளானவர். அப்போது அவர் ஜான் ஸ்காட், புதிய உறுப்பினர். பல பத்தாண்டு கழித்து, முதுமையில், வெற்றி பெற்ற கட்சியின் மூத்தவராக இருந்து எழுதியது இந்தக் குறிப்பு. தோற்றவர் தம் தோல்விக்கு ஒரு கேலிச்சித்திரத்தைக் காரணம் காட்டியதாகச் சொல்வது, வென்றவருக்கு ஒரு வசதியையும் தருகிறது: மன்னரின் சீட்டு கதையிலிருந்து நழுவிவிடுகிறது. கூற்றைத் தள்ள வேண்டியதில்லை. ஃபாக்ஸ் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான், தம்மைப் பற்றிய கேலியில் முகம் சுளிக்காதவர். ஆனால் அதைச் சான்றாக வைக்கும்போது, சொன்னவரையும் எழுதியவரையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

ஃபாக்ஸின் தரப்பில் மாற்றியிருக்க வேண்டியது படக்கொள்கையை அல்ல, பெயர்ப் பட்டியலை. ஏழு பேரில் இருவர் எதிரணியிலிருந்தோ கம்பெனியின் நடுநிலையாளர்களிடமிருந்தோ வந்திருந்தால் ‘அரசர்க்கரசர்’ என்ற கொடியில் பாதி நிறம் போயிருக்கும். நார்த்தின் மகனைச் சேர்த்தது, சுமக்கும் யானைக்குக் கரும்பு கொடுத்த கதையாயிற்று. இரண்டாவது, காலம். டிசம்பரின் மூன்று வாரத்தில், மன்னரின் சீட்டையே பொருளாக்கி ஒரு படம் வந்திருக்கலாம்: பின்வாசல், நள்ளிரவு, கைமாறும் காகிதம் என்று ஓவியருக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பொருளை முதலில் கைப்பற்றி நாட்டின் மனத்தில் பதிக்கத் தவறினார்கள்.

இத்தகைய நிகழ்வை ஆராய்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதும் உண்டு. படத்தின் தேதியை முதலில் பார்க்க வேண்டும், புகழைப் பிறகு பார்க்கலாம். நானும் முதலில் இந்தப் படத்தை மசோதாவின் தோல்விக்கு எதிரே வைத்துத்தான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். தகட்டில் பொறித்த தேதியையும் டிசம்பர் 8 வாக்குகளையும் அடுத்தடுத்து எழுதியபோதுதான் அந்தக் குறிப்புகளைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று.

பின்னர்

பிட் 1784இல் தம் சொந்த இந்தியச் சட்டத்தை நிறைவேற்றினார். கம்பெனி இயக்குநர்கள் பெயரளவில் நீடித்தார்கள்; அவர்களுக்கு மேல் அரசின் கட்டுப்பாட்டு வாரியம் அமர்ந்தது. சேயர்ஸுக்குக் கருவூல நீதிமன்றத்தில் மார்ஷல் பதவி கிடைத்தது.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் கடன்களை விசாரிக்க வேண்டும் என்பது ஃபாக்ஸ் தரப்பின் எண்ணமாக இருந்தது. புதிய அரசு முழு விசாரணை இன்றியே அவற்றை ஏற்று, கர்நாடகத்தின் வருவாயிலிருந்து கட்ட ஏற்பாடு செய்தது. கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் பணம் சேர்த்த பால் பென்ஃபீல்ட். அவர் தம்மையும் சேர்த்து எட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களை உருவாக்கியவர் என்று பர்க் 1785 பிப்ரவரி 28ஆம் தேதி மக்கள் சபையில் குற்றம் சாட்டினார். ஹைதரின் படையெடுப்பில் கர்நாடகம் எரிந்ததையும், அந்த எரிந்த நிலத்திலிருந்தே இந்தக் கடனை வசூலிக்கப் போவதையும் அவர் இரவு வெகுநேரம் வரை விவரித்தார். சபையின் பெரும்பான்மை பிட்டிடம் இருந்தது, தீர்மானம் தோற்றது.